கேப்டன் தாத்தாவைத் தேடி: கேள்வி பதில்

அமெரிக்கச் சுதந்திரப் போர்க்கால மிலிஷியா (ஊர்மக்களே சேர்ந்த படை) அதிகாரிகளின் வம்சாவளியைத் தேடுகிறவர்கள் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். அமெரிக்க மாப்பிள்ளை, மருமகள் எடுத்த குடும்பங்கள் இத்தனை இருக்குமென்று எதிர்பார்க்கவில்லை. ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரும் கவுண்டியும் (நம் மாவட்டம் மாதிரி) சொல்லாமல் வெறும் பெயரைக் கேட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

பாஸ்டன் பக்கத்து வாசகி: அக்கா, என் கணவரின் முன்னோர் ஒருவர் மாசசூசெட்ஸ் மிலிஷியாவில் கேப்டன். ஊர் தெரியும். 1810ல் இறந்திருக்கிறார். பென்ஷன் கோப்பு எதுவும் கிடைக்கவில்லை. அவ்வளவுதானா?

கோப்பு இல்லாதது இயல்புதான். 1818ல் வந்த பென்ஷன் சட்டம் கான்டினென்டல் படையில், அதாவது எல்லா மாநிலங்களுக்கும் பொதுவான முறையான படையில், இருந்த ஏழைகளுக்கானது. காயம் படாத மிலிஷியாக்காரருக்குக் கதவு திறந்தது 1832 ஜூன் 7 சட்டத்தில்தான். ஆறு மாதமாவது சேவை செய்திருந்தால் போதும், வறுமையை நிரூபிக்க வேண்டியதில்லை. உங்கள் கேப்டன் அதற்கு 22 வருஷம் முன்பே போய்விட்டார்.

பலர் இந்த இடத்தில்தான் தேடலை மூட்டை கட்டுகிறார்கள். கேப்டனை விட்டுவிட்டு அவருக்குக் கீழே இருந்த சிப்பாய்களைத் தேடுங்கள். 1832க்குப் பிறகு மனுப் போட்ட கிழவர்கள் நீதிமன்றத்தில் சத்தியம் செய்து வாக்குமூலம் கொடுக்க வேண்டியிருந்தது. எங்கே, எந்த வருஷம் பிறந்தாய், தானாகச் சேர்ந்தாயா, இன்னொருவருக்குப் பதிலாகப் போனாயா, உன் அதிகாரிகள் யார் யார் என்று கேள்விகள் வரிசையாக இருக்கும். போர்த்துறை அலுவலகம் 1800 நவம்பரில் எரிந்து பழைய காகிதங்கள் போய்விட்டதால் கிழவர்களின் நினைவுக்கு மதிப்பு கூடிற்று. ஒரு கம்பெனியில், அதாவது ஒரு கேப்டனின் படைப்பிரிவில், இருந்தவர்கள் பெரும்பாலும் ஒரே ஊர்க்காரர்கள். அண்டை வீட்டுக்காரர், மைத்துனர், தம்பி மகன் எல்லாம் அதில் அடக்கம். அதனால் கேப்டன் எந்த மாதம் எங்கே போனார் என்பதோடு, சில மனுக்களில் உறவுமுறையும் வெளிவரும்.

அவர் மனைவி எப்போது இறந்தார் என்றும் பாருங்கள். 1836, 1838 சட்டங்களில் விதவைகளும் பென்ஷன் கேட்டார்கள். கல்யாணத்துக்குச் சான்றாகக் குடும்ப பைபிளில் பிறப்பு, கல்யாணம், இறப்பு எழுதிவைத்த பக்கத்தைக் கிழித்து மனுவோடு வைத்தவர்கள் உண்டு. உங்களுக்கு அப்படி ஒரு பக்கம் கிடைத்தால் யோகம்தான்.

மாசசூசெட்ஸ் அரசு 1896 முதல் 1908 வரை 17 தொகுதிகளாக அச்சிட்ட படைவீரர் பட்டியலையும் புரட்டுங்கள். ஒரே ஆள் வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் நான்கு பதிவாக இருப்பார். நான்கு ஆள் ஒரே பெயரிலும் இருப்பார்கள். பெயர் ஒத்துப்போனதும் குதிக்காதீர்கள். பெயர் பொருந்துவது சான்றாகாது.

டாலஸ்: இணையத்தில் 60 குடும்ப மரங்களில் அவர் என் மருமகளின் முன்னோர் என்று இருக்கிறது. இது போதாதா?

போதாது. ஒருவர் போட்டதை 59 பேர் நகல் எடுத்திருப்பார்கள்.

சான் ஹோசே: டி.என்.ஏ. பரிசோதனை செய்தால் தெரிந்துவிடுமா?

ஏழு தலைமுறைக்கு முந்தைய ஒருவரிடமிருந்து சராசரியாக 128ல் ஒரு பங்குதான் வரும், வராமலும் போகலாம். நேர் ஆண்வழி என்றால் ஒய் குரோமோசோம் பரிசோதனை உதவும். அதுவும் இன்ன குடும்பம் என்று சொல்லும், இன்ன கேப்டன் என்று சொல்லாது.

சியாட்டில்: கல்லறைக் கல்லில் 'கேப்டன்', போர்க்காலப் பட்டியலில் சார்ஜென்ட். எது பொய்?

இரண்டும் உண்மையாக இருக்கலாம். போர் முடிந்தும் மிலிஷியா கலையவில்லை. 1792 சட்டப்படி 18 முதல் 45 வயது வரையிலான வெள்ளை ஆண்கள் பதிவு செய்தாக வேண்டும். 1777ல் சார்ஜென்ட்டாக இருந்தவர் 1795ல் ஊர்க் கம்பெனிக்குக் கேப்டன் ஆகியிருப்பார். பட்டம் சாகும்வரை ஒட்டிக்கொள்ளும்.

அட்லாண்டா: 40 மரங்களில் ஒரே தகவல் இருக்கிறது...

டாலஸ்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

தஞ்சாவூர்: எங்கள் முன்னோர் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சுபேதார். அவரைத் தேட வழி?

என் துறை இல்லை. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தொடங்குங்கள். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்கள் இருக்கின்றன.

ரிச்மண்ட்: விர்ஜீனியாவில் மிலிஷியா அதிகாரி நியமனம் எங்கே பதிவாகியிருக்கும்?

கவுண்டி நீதிமன்றத்தின் உத்தரவுப் புத்தகத்தில். நீதிமன்றம் பெயரைப் பரிந்துரைக்கும், ஆளுநர் நியமிப்பார், அவர் வந்து அங்கே உறுதிமொழி எடுப்பார். மாசசூசெட்ஸில் வீரர்களே கேப்டனைத் தேர்ந்தெடுத்த கம்பெனிகள் உண்டு, அந்த வழக்கத்தை இங்கே தேடாதீர்கள். அப்புறம், அந்த வருஷத்தில் அந்த நிலம் எந்தக் கவுண்டியில் இருந்தது என்று பாருங்கள். கென்டக்கி 1792 வரை விர்ஜீனியாதான்.

ரிச்மண்ட், மறுபடியும்: நன்றி அக்கா. உயில் கிடைத்தது. அதில் நிலம், குதிரைகளோடு அடிமைகளின் பெயர்களும் இருக்கின்றன. மாமனார் அந்தப் பக்கத்தை விட்டுவிடச் சொல்கிறார். என்ன செய்ய?

விடாதீர்கள். ஒவ்வொரு பெயரையும், யாருக்குக் கொடுக்கப்பட்டார் என்பதையும் உள்ளபடி எழுதி வெளியிடுங்கள். 1850, 1860 கணக்கெடுப்பின் அடிமைப் பட்டியல்களில் உரிமையாளர் பெயர்தான் இருக்கும். அடிமைகளுக்கு வயது, பால், நிறம், அவ்வளவே. விடுதலையானவர்கள் எல்லோரும் பெயரோடு வருவது 1870ல்தான். அதற்கு முன்னால் போக அவர்களின் வாரிசுகளுக்கு உங்கள் கேப்டனின் உயிலும் சொத்துப் பட்டியலும்தான் வழி.

டாலஸ்: குடும்ப வரலாறு கேட்டால் அரசியல் பேசுகிறீர்களே? அந்தக் காலத்து நியாயம் வேறு.

அந்தக் காலத்திலேயே சண்டை நடந்ததே! பென்சில்வேனியா 1780ல் அடிமைமுறையைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டம் போட்டது. மாசசூசெட்ஸ் நீதிமன்றம் 1783ல் அடிமைமுறை தங்கள் அரசியலமைப்புக்கு ஒவ்வாது என்றது. நியாயத்தை விடுங்கள், ஆராய்ச்சிக் கணக்காகவே பாருங்கள். 1783ல், போரில் தோற்று வெளியேறிய பிரிட்டிஷாரோடு நியூயார்க்கிலிருந்து கப்பலேறிய சுமார் 3,000 கறுப்பினத்தவரின் பட்டியல் இருக்கிறது. பெயர், வயது, யாரிடமிருந்து தப்பி வந்தார் என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். உங்கள் அதிகாரி எங்கே வசித்தார் என்பதற்கு அதுவே சான்றாகலாம். அவரிடமிருந்து ஓடியவரின் பதிவில் அவர் கிடைப்பார்.

சிங்கப்பூர்: குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். எங்கள் வீட்டுப் பழைய நிலப் பத்திரம் ஒன்றில் நிலத்தோடு ஆட்களையும் விற்றதாக இருக்கிறது. அதையும் வெளியிடச் சொல்வீர்களா?

சொல்வேன். அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக்கூடாது என்று 1843ல் சட்டம் வரும்வரை நம் பக்கத்திலும் அது பத்திரமேறிய விஷயம்தான். படமெடுத்து வையுங்கள்.

டாலஸ்: ரிச்மண்ட்காரரின் மாமனார் மனம் புண்படுமே என்றுதான் சொன்னேன்.

புண்படலாம். வருத்தத்தைக் குறிப்பாகப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள், பக்கத்தைக் கிழிக்க வேண்டாம். இதோடு இந்தப் பேச்சை நிறுத்திக்கொள்வோம், ஒன்பது பேர் வரிசையில் இருக்கிறார்கள்.

நியூ ஜெர்சி: பிறந்த தேதி '1731/32 பிப்ரவரி' என்கிறது. எழுத்துப் பிழையா?

இல்லை. 1752க்கு முன் ஆங்கிலேயர் கணக்கில் புது வருஷம் மார்ச் 25ல் தொடங்கியது. அந்தப் பிப்ரவரி பழைய கணக்கில் 1731, இன்றைய கணக்கில் 1732. வாஷிங்டன் பிறந்ததும் அதே குழப்பமான பிப்ரவரியில்தான்.

சிகாகோ: மகளை புரட்சியின் மகள்கள் சங்கத்தில் சேர்க்க வேண்டும். தாத்தாவின் அத்தை உறுப்பினராம். அது போதுமா?

சுதந்திரப் போருக்கு உதவியவர்களின் வம்சத்துப் பெண்களுக்காக 1890ல் தொடங்கிய சங்கம். பழைய விண்ணப்பங்கள் பல இன்றைய தரத்துக்குத் தேறாது. அத்தையின் உறுப்பினர் எண்ணைக் கொண்டு அவர்களின் இணையத் தேடலில் பாருங்கள், இலவசம். பிறகு ஒவ்வொரு தலைமுறைக்கும் ஆவணம் சேருங்கள்.

ஹூஸ்டன்: குடும்ப இலச்சினை விற்கிறார்கள், வாங்கலாமா?

வேண்டாம்.

ஆஸ்டின்: பல மரங்களில் பார்த்தேன்...

டாலஸ்!

டொராண்டோ: எங்கள் ஆள் மாசசூசெட்ஸ் மிலிஷியா லெப்டினன்ட். 1776க்குப் பிறகு எந்தப் பட்டியலிலும் இல்லை. செத்துவிட்டாரா?

கட்சி மாறியிருக்கலாம். மாசசூசெட்ஸ் 1778ல் 300க்கும் மேற்பட்டவர்களைப் பெயர் சொல்லி நாடு கடத்திச் சட்டம் போட்டது, முதலில் அதைப் பாருங்கள். பிரிட்டிஷ் மன்னர் பக்கம் நின்று சொத்திழந்தவர்கள் லண்டனில் நஷ்டஈடு கேட்ட மனுக்கள் அங்கே கியூ (Kew) என்ற இடத்தில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, ஏஓ 12, ஏஓ 13 வரிசைகள். அவர் மனு இல்லாவிட்டால் அண்டை வீட்டுக்காரர் மனுவில் சாட்சியாக வந்திருக்கிறாரா என்று தேடுங்கள். நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்ஸ்விக் நில மனுக்கள் உங்கள் கனடாவிலேயே இருக்கின்றன. ஊர்ப் பெயரை அனுப்புங்கள், எந்தக் கவுண்டி என்று நான் சொல்கிறேன்.