தீபாவளி இல்லாத பட்டியல்

கேள்வி: நானும் மனைவியும் சேர்ந்து கையில் வாங்குவது மாதம் 2,10,000 ரூபாய். 2016-ல் 62,000 வாங்கியபோது மாதாமாதம் 8,000 மிச்சம் பிடித்தோம். இன்று ஒரு ரூபாய் தங்குவதில்லை. கிரெடிட் கார்டில் 1,40,000 பாக்கி வேறு. ஆன்லைன் சாப்பாட்டு ஆர்டரை வைத்துத்தான் வீட்டில் தினமும் சண்டை. அதை நிறுத்தினால் போதும்தானே? மனைவிக்குப் புரியும்படி நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள். செலவுப் பட்டியலை இணைத்திருக்கிறேன்.
- பெயர் வேண்டாம், பெரும்பாக்கம்

பதில்: மனைவிக்கு அப்புறம் சொல்லலாம். முதலில் உங்களுக்கு.

நீங்கள் அனுப்பிய பட்டியலில் வெளிச்சாப்பாடும் வாடகைக் காரும் சேர்த்து 14,500. ஓ.டி.டி., ஜிம் 3,600. இரண்டையும் அடியோடு நிறுத்தினாலும் சம்பளத்தில் நூற்றுக்கு ஒன்பது ரூபாய்கூடத் தேறாது. அதே தாளின் மேல் பாதியைப் பாருங்கள்: வீட்டுக் கடன் தவணை 60,750, அப்பார்ட்மென்ட் பராமரிப்பு 6,300, கார் தவணை 19,300, இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் மாதக் கணக்கில் 26,670, இரண்டு செல்போன்களின் தவணை 7,900. மொத்தம் 1,20,920. நூற்றுக்கு 58 ரூபாய், நீங்கள் கையெழுத்துப் போட்ட நாளிலேயே போய்விட்ட பணம். அதில் சண்டை போட இடமில்லை என்பதால் பிரியாணியில் சண்டை போடுகிறீர்கள். போகட்டும், அந்த விலை உயர்ந்த செல்போன் உங்கள் பெயரில்தான் இருக்கிறது. பட்டியலில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

“வங்கியே தகுதி இருக்கிறது என்று சொல்லித்தானே கடன் கொடுத்தது” என்றும் கேட்டிருக்கிறீர்கள். வங்கியின் கணக்கு வேறு. உங்கள் மூன்று தவணைகளையும் கூட்டினால் 87,950; வருமானத்தில் 42 சதவீதம். பாதிக்குள் இருப்பதால் வங்கிக்கு நீங்கள் நல்ல பிள்ளை. பள்ளிக் கட்டணமும் பராமரிப்புத் தொகையும் அந்தக் கணக்கில் வராது. ஊருக்கு அனுப்பும் 15,000-மும் வராது (அதில் கை வைக்கச் சொல்லமாட்டேன்). தகுதி என்பது எவ்வளவு கொடுத்தால் கடன் திரும்பி வரும் என்று வங்கி போடும் கணக்கு. கட்டிய பிறகு உங்களிடம் என்ன மிஞ்சும் என்பது அதன் கவலை அல்ல.

அடுத்தது, அந்தப் பட்டியலில் இல்லாதவை. அதற்கு முன் பட்டியலில் மீதி இருப்பவற்றையும் கூட்டிவிடுவோம். மளிகை, காய், பால் 22,000. வேலைக்காரம்மா, சமையல்காரம்மா 9,000. பெட்ரோல், கரன்ட், நெட், போன் 16,000. இன்ஷூரன்ஸ் மாதக் கணக்கில் 4,830. எல்லாம் கூட்டினால் 2,05,850. அதாவது 4,150 மிஞ்ச வேண்டும். ஏன் மிஞ்சவில்லை? இதில் தீபாவளி எங்கே? பொங்கல் எங்கே? மொய் எங்கே? கார் சர்வீஸ், கார் இன்ஷூரன்ஸ், சொத்து வரி? உங்கள் வீட்டு அளவுக்குக் குறைத்தே போடுகிறேன்: பண்டிகைகளுக்கு 50,000, மொய்யும் விசேஷங்களும் 40,000, காருக்கு 45,000, வரி 7,000. ஆண்டுக்கு 1,42,000, மாதத்துக்கு 11,833. இதைச் சேர்த்தால் உங்கள் உண்மையான மாதச் செலவு 2,17,683. மாதம் 7,683 துண்டு விழுகிறது. வட்டியே சேர்க்காமல் பதினெட்டு மாதம் ஓடினால் 1,38,000 சொச்சம். கார்டில் எவ்வளவு பாக்கி என்றீர்கள்? 1,40,000.

ஆகவே ஊதாரித்தனம் என்ற பேச்சே வேண்டாம். ஒவ்வொரு சம்பள உயர்வையும் அது வரும் முன்பே ஏதாவதொரு தவணைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். குறை அங்கேதான்.

கார்டிலிருந்து தொடங்குங்கள். ‘குறைந்தபட்சத் தொகை’ மட்டும் கட்டிவருவதாகத் தெரிகிறது. 5 சதவீதம் என்றால் 7,000. மாதம் 3.5 சதவீத வட்டி 4,900, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 882. நீங்கள் கட்டும் 7,000-த்தில் அசலில் குறைவது 1,218 ரூபாய். பாக்கியை முழுதும் தீர்க்காதவரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. கார்டைத் தேய்த்த நாளிலிருந்தே மீட்டர் ஓடும். இப்படி இருக்கையில், மனைவி பெயரில் 7 சதவீதத்தில் 1,50,000 டெபாசிட் இருப்பதைக் கடைசி வரியில் பெருமையாகச் சொல்லியிருக்கிறீர்கள். அதற்கு வருவது ஆண்டுக்கு 10,500. கார்டுக்குப் போவது வட்டியும் வரியுமாக 69,000. நாளைக்கே டெபாசிட்டை முறியுங்கள். முன்கூட்டி முறித்தால் வட்டியில் அரை முதல் ஒரு சதவீதம் வரை பிடிப்பார்கள், பிடிக்கட்டும். கார்டை முழுதாக அடைத்து, அடுத்த ஆறு மாதம் பீரோவில் வையுங்கள்.

செல்போன் தவணைகள் ஜனவரியில் முடிகின்றன. ‘வட்டியில்லாத் தவணை’ என்று வாங்கியிருப்பீர்கள். ரொக்கமாக வாங்கினால் கிடைத்திருக்கும் தள்ளுபடிதான் அங்கே வட்டியாக உட்கார்ந்திருக்கிறது. அந்த வட்டிக்கு ஜி.எஸ்.டி. தனி, நடைமுறைக் கட்டணம் தனி. நான் சொல்ல வந்தது அதுவல்ல. பிப்ரவரியில் விடுபடும் 7,900, உங்கள் 7,683 துண்டை அப்படியே அடைத்துவிடும். புதுப் போன் வாங்காமல் இருந்தால்.

துண்டு நின்றபின் வருடச் செலவுக்குத் தனிக் கணக்கு ஒன்று திறங்கள். பள்ளி 3,20,000, இன்ஷூரன்ஸ் 58,000, மேலே சொன்ன 1,42,000, ஆக 5,20,000. பன்னிரண்டால் வகுத்தால் 43,333. சம்பளம் வந்த மறுநாளே இந்தத் தொகை தானாக அங்கே போகும்படி வங்கியில் நிலை உத்தரவு கொடுங்கள். அந்தக் கணக்குக்கு டெபிட் கார்டும் வேண்டாம், யு.பி.ஐ.யும் வேண்டாம். முதல் ஆண்டில் ஒரு சிக்கல் வரும்: பிப்ரவரியில் தொடங்கினால் ஏப்ரலில் பள்ளி கேட்கும் தொகை கணக்கில் சேர்ந்திருக்காது. பலரும் இங்கேதான் திரும்பவும் கார்டை எடுக்கிறார்கள். அந்த ஒரு வருடம் மட்டும் பருவத்துக்கு ஒருமுறை கட்டுகிறேன் என்று பள்ளியில் இப்போதே எழுதிக் கேளுங்கள். போனஸ் வந்தால் முதலில் இந்தக் கணக்கில் போடுங்கள்.

வீட்டுக் கடனுக்கு இன்னமும் 8.5 சதவீதம் என்று எழுதியிருப்பது எனக்கு உறுத்துகிறது. 2025 பிப்ரவரி முதல் ஜூன் வரை மட்டும் ரெப்போ, அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டி, 6.5-லிருந்து 5.5-க்கு இறங்கியது. ரெப்போவோடு இணைந்த கடனில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டியை மாற்றியாக வேண்டும். உங்கள் வங்கி தவணையை அப்படியே வைத்துவிட்டுக் காலத்தைக் குறைத்திருக்கலாம். அப்படியானால் நல்லது, விட்டுவிடுங்கள். வட்டியே இறங்கவில்லை என்றால் உங்கள் கடன் ரெப்போவோடு இணையாத பழைய முறையில் கிடக்கிறது. சிறு கட்டணம் கட்டி மாற்றச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். ஒரு சதவீதம் இறங்கினால் மாதம் ஏறக்குறைய 4,000 குறையும். நூறு நாள் பிரியாணிச் சண்டை சாதிக்காததை ஒரு கடிதம் சாதிக்கும்.

கார் விஷயத்தில் கொஞ்சம் வருத்தம்தான். 12 லட்சத்தை 9 சதவீதத்தில் ஏழு வருடத்துக்கு வாங்கி, இரண்டு வருடம் முடிந்திருக்கிறது. 4,63,000 கட்டியாயிற்று; அசலில் குறைந்தது 2,70,000தான். இப்போது விற்றால் கடன் அடைந்து கையில் பெரிதாக எதுவும் வராது. வைத்துக்கொள்ளுங்கள். தவணை முடிந்தபின் இன்னும் ஐந்தாண்டு அதே காரை ஓட்டுங்கள். தவணை தீர்ந்த மாதமே ஷோரூமிலிருந்து போன் வரும், எடுக்காதீர்கள்.

சேமிப்பு ஏப்ரலில்தான் தொடங்கும். 8 சதவீத உயர்வு வந்தால் கைக்கு 16,800 கூடும் என்று மனக்கணக்குப் போடாதீர்கள்; பள்ளிக் கட்டணம் 10 சதவீதம் ஏறினால் மாதம் 2,667 அங்கே போய்விடும். மிச்சம் 14,000 சொச்சம். முதல் உயர்வில் இந்த மிச்சம் முழுவதையும் ஆர்.டி.யில் (மாதாமாதம் கட்டும் டெபாசிட்) போடுங்கள், தேதி மாதம் 2 அல்லது 3. பத்தாம் தேதி வைத்தால் கணக்கில் பணம் இருக்காது, திரும்பியதற்கு அபராதம் விழும். வேலை போனாலும் நிறுத்த முடியாத உங்கள் செலவு மாதம் 1,70,000. மூன்று மாதத்துக்கான 5,10,000 சேரும்வரை பங்கு, ஃபண்ட் என்று எதையும் பார்க்க வேண்டாம். அது சேர்ந்தபின், வரும் ஒவ்வொரு உயர்விலும் பாதியை, வழக்கமான பி.எஃப். பிடித்தத்துக்கு மேல் நாமாகச் சேர்க்கும் கூடுதல் வருங்கால வைப்பு நிதிக்குத் திருப்பச் சொல்லி அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். 2024-25-க்கு அதில் வட்டி 8.25 சதவீதம்; சம்பளம் கைக்கு வருமுன்பே பிடித்துவிடுவார்கள் என்பது உங்களைப் போன்றவர்களுக்கு வட்டியைவிடப் பெரிய லாபம். ஊழியர் பங்கு ஆண்டுக்கு 2,50,000-ஐத் தாண்டினால் கூடுதல் தொகையின் வட்டிக்கு வரி உண்டு. பல நிறுவனங்களில் நிதியாண்டுத் தொடக்கத்தில் மட்டும்தான் இதை மாற்ற முடியும் என்பதால் மார்ச்சிலேயே கேட்டு வையுங்கள்.

சரி, அந்த ஆன்லைன் சாப்பாடு. இருவரும் எட்டு மணிக்கு வீடு திரும்புகிறீர்கள், சமையலம்மா காலையில் மட்டும் வருகிறார். ஆர்டர் போடாமல் யார் இருப்பார்கள்? மாலைக்கும் சேர்த்து அவருக்கு 3,000 கூட்டிக் கொடுத்துப் பாருங்கள். மனைவிக்குச் சொல்ல என்னிடம் வேறொன்றும் இல்லை.

சிங்கப்பூர் டூரைத் தவணையில் போகலாமா என்று பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு ஏலகிரி போய்வாருங்கள். கார்தான் இருக்கிறதே.