யாருடைய நாற்காலி அது?

வணக்கம் சார். எம்பிபிஎஸ் முடித்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் வழியாக ஒரு நகர்ப்புற நலவாழ்வு மையத்தில் ஒப்பந்த மருத்துவராக இருக்கிறேன். சம்பளம் 60,000 ரூபாய். “பொறுமையாக இரு, எல்லாரையும் நிரந்தரம் செய்துவிடுவார்கள்” என்கிறார் அப்பா. இதற்கிடையே ஒரு தனியார் மருத்துவமனையில், “மூன்று மாதம் வாருங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்கிறார்கள். எங்கே இருந்தால் வேலை நிலைக்கும்?

கே., தருமபுரி

அன்புள்ள கே.,

சேரும்போது, பணி நிரந்தரம் கோர மாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருப்பீர்களே, அதை அப்பாவிடம் காட்டுங்கள். அது சம்பிரதாயத் தாள் அல்ல. தற்காலிகமாக வேலை பார்த்ததாலேயே நிரந்தரப் பணிக்கு உரிமை வந்துவிடாது என்று 2006-ல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில் பத்தாண்டுகள் இருந்தவர்களுக்கு மட்டும் ஒரே ஒரு முறை விலக்கு. அதன்பிறகும் நீதிமன்றம் ஏறி வென்றவர்கள் உண்டு. உங்கள் வயதில் அந்த வரிசையில் போய் நிற்க வேண்டுமா?

அப்பா சொல்வதும் கற்பனையல்ல. ஒரு காலத்தில், தற்காலிக நியமனத்துக்கு இடம் தரும் 10(அ)(1) என்ற அரசுப் பணி விதியின்கீழ் மருத்துவர்களை எடுத்து, பின்னர் அரசுப் பணியாளர் தேர்வாணையம் சிறப்புத் தேர்வு வைத்து வரன்முறை செய்து நிரந்தரமாக்கியது. 2012-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வந்தபின் வழி மாறிவிட்டது; நிரந்தரப் பணிக்கு அந்த வாரியத்தின் தேர்வுதான் வாசல். 2020 டிசம்பரில் 2,000 மினி கிளினிக்குகளுக்கு எடுத்தார்களே, 2022-ல் அவை மூடப்பட்டபோது அந்த ஒப்பந்தங்களும் முடிந்தன. கொரோனாப் பணி செய்தவர்களுக்குக் கிடைத்ததுகூட வாரியத் தேர்வில் ஊக்க மதிப்பெண்தான், வேலை அல்ல.

தனியாரில் கணக்கே வேறு. பட்டம் வாங்கிய புதிதில், மகப்பேறு விடுப்பில் போன ஒரு மருத்துவருக்குப் பதிலாக ஒரு சிற்றூர் மருத்துவமனையில் நின்றேன். மருந்துச் சீட்டில் அவர் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதுவேன். டியூட்டி அறைக் கட்டிலுக்கு அடியில் அவருடைய செருப்பு கிடந்தது. நான்காம் மாதம் நோயாளிகள் என்னைக் கேட்டு வர ஆரம்பித்தார்கள். நானும் மயங்கி, அந்த ஊரிலேயே வாடகைக்கு வீடு பார்த்தேன். ஆறாம் மாதம் அவர் வந்துவிட்டார். வர வேண்டியவர்தானே! என் அசல் சான்றிதழ்களைத் திரும்ப வாங்கத்தான் ஆறு வாரம் நடையாய் நடந்தேன்.

அடுத்த இடத்திலும் மூன்று மாதம் என்றுதான் பேச்சு. ஆனால் அங்கே முன்பு இருந்தவர் எம்டி படிக்கப் போயிருந்தார், திரும்பி வரப்போவதில்லை. அவர்கள் என்னை நோட்டம் பார்த்தார்கள். இரவு இரண்டு மணிக்கு அழைத்தால் பெரிய டாக்டர் போனை எடுக்கிறாரா என்று நானும் பார்த்தேன். எடுத்தார். இரண்டாம் மாதக் கடைசியில் மேசையில் என் பெயரிட்ட ரப்பர் ஸ்டாம்ப் இருந்தது. நிரந்தரம் என்ற வார்த்தையை யாரும் சொல்லவில்லை. ஒன்பது ஆண்டுகள் இருந்தேன்.

எனவே உங்களை அழைக்கும் தனியார் மருத்துவமனையில் முதலில் கேளுங்கள்: அந்த நாற்காலி காலியா, விடுப்பா? விடுப்பு என்றால் சம்பளத்துக்காக மட்டும் போங்கள். எதுவானாலும் அசல் சான்றிதழ்களைக் கொடுக்காதீர்கள்.

அரசு வேலைதான் வேண்டும் என்றால் இப்போது இருக்கும் இடத்தைவிட்டு நகராதீர்கள். காலை எட்டு முதல் பன்னிரண்டு, மாலை நான்கு முதல் எட்டு. இரவுப் பணி கிடையாது. நடுவில் கிடக்கும் நான்கு மணி நேரத்தை என்ன செய்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. அதில் வாரியத் தேர்வுக்குப் படியுங்கள், தமிழ்த் தகுதித் தாளையும் சேர்த்து. தமிழ்த் தாளில் 40 சதவீதம் வராவிட்டால் மற்ற தாளைத் திருத்தவே மாட்டார்கள்.