திரை முடிந்து பாறை தொடங்கும் இடம்: கேள்வி பதில்

இருட்டு மண்டபத்துக்குள் வண்டியில் உட்கார்ந்தபடி காட்சிகளைக் கடந்து போகும் சவாரியை டார்க் ரைட் என்பார்கள். வளைகுடா நாட்டுப் பூங்காக்களில் அந்தச் சவாரிகளின் புரொஜெக்டர் பிரிவில் ஒன்பது வருடம் வேலை செய்தேன். இப்போது ஊரோடு இருக்கிறேன். போன மாதம் திருகோணமலையில் ஒரு பாடசாலைக் கண்காட்சிக்காக, புறாத்தீவின் கடலடியில் நடப்பது போன்ற ஒரு இருட்டறையைப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்தோம். அதைப் பார்த்தவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, எல்லாத்தையும் திரையிலேயே காட்டினால் செலவு குறையும்தானே? ஏன் கஷ்டப்பட்டுப் பாறை செய்ய வேணும்?

பார்க்கிறவர் நகர்கிறார் தம்பி, அதுதான் காரணம். நிலாவெளி ரோட்டில் பஸ் ஜன்னலோரம் இருந்து பாருங்கள். ரோட்டோரப் பனைகள் விர்ரென்று பின்னால் ஓடும், தூரத்துக் கடல் அசையாமல் கூடவே வரும். எது கிட்ட, எது தூர என்று நம் கண் இந்த வேக வித்தியாசத்தை வைத்தும் கணக்குப் போடுகிறது. தட்டைத் திரையில் பனையும் கடலும் ஒரே தூரத்தில் ஒட்டியிருக்கின்றன. வண்டி நகர்ந்தால் இரண்டும் ஒன்றாகவே நகரும், உடனே "இது படம்" என்று மூளை கண்டுபிடித்துவிடும்.

அதனால் என் வழி இதுதான்: கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதைச் செய்து வையுங்கள், தூரத்தில் இருப்பதைத் திரையில் விடுங்கள். நம் இருட்டறையில் ஒன்று, இரண்டு மீற்றருக்குள் இருந்த பவளம், வலை, கயிறு எல்லாம் நிஜம். நீலத் தண்ணீரும் மீன் கூட்டமும் திரை.

1999இல் அமெரிக்காவின் ஒர்லாண்டோவில் யுனிவர்சல் பூங்கா திறந்த ஸ்பைடர்மேன் சவாரி இதையும் தாண்டிப் போனது. வண்டி எந்தப் பாதையில், எந்தக் கணத்தில் எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே தெரியும் அல்லவா? அதற்கேற்பத் திரைப் படத்தின் கோணத்தையே கணத்துக்குக் கணம் மாற்றி வரைந்தார்கள். வண்டியில் இருப்பவருக்குத் திரைக்குப் பின்னால் உண்மையிலேயே ஒரு தெரு நீளுவது போலத் தெரியும். அப்படியிருந்தும் திரையைச் சுற்றி நிஜச் சுவர்களையும் செட்களையும் கட்டினார்கள்.

பாலையூற்று ரீச்சர் ஒருவர்: எங்கள் நாடகத்தில் இரவுக் காட்சி போட்டால், திரை மட்டும் சாம்பல் பெட்டி மாதிரித் தெரிகிறது. புரொஜெக்டர் பழுதா?

பழுதில்லை ரீச்சர். புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. கறுப்புப் படம் போட்டாலும் கொஞ்சம் வெளிச்சம் கசியும். திரையின் ஓரம் நேர்கோடாக இருந்தால் அந்தக் கசிவு பெட்டியாகத் தெரியும். இரவைக் கறுப்பாகக் காட்டாமல் நிலவு நாள் போலக் கருநீலமாகக் காட்டுங்கள். பக்கத்துச் செட்டுக்கும் மங்கலான நீல வெளிச்சம் கொடுங்கள். ஓரத்தை ஒழுங்கில்லாத கிளை, பாறை, கிழிந்த பாய் ஏதாவதால் மறையுங்கள். சாம்பல் நிறத் திரைத்துணி கிடைத்தால் இன்னும் நல்லது.

கிண்ணியாவிலிருந்து: உங்கள் அறையில் மணல் எங்கே முடிந்தது, படம் எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியவே இல்லை. எப்படிச் செய்தீர்கள்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்! திரையும் செட்டும் சேர்வது வெளிச்சத்தில்தான். எவ்வளவு நல்ல பெயின்ட் அடித்தாலும், இரண்டிலும் விழும் வெளிச்சம் வேறாக இருந்தால் ஒட்டாது.

நான் வேலை செய்த ஒரு பூங்காவில், இரவில் ஒரு பழுதான விளக்கை மாற்றியிருந்தார்கள். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகில் சொல்வார்கள். பழையது மஞ்சள் சாய்ந்த 3000 கெல்வின், புதியது வெள்ளை சாய்ந்த 5000. அடுத்த நாள் பார்த்தால் பாறைக்கும் திரைக் கடலுக்கும் நடுவில் கத்தியால் கீறினது போல ஒரு கோடு. மூன்று நாள் புரொஜெக்டரையே குடைந்தோம். கடைசியில் ஒரு விளக்குத்தான் காரணம்.

நீங்கள் செய்ய வேண்டியது சின்ன வேலை. சேரும் இடத்தில் இரண்டு வெள்ளைத் தாள்களை ஒட்டுங்கள். ஒன்றில் புரொஜெக்டரின் வெள்ளை விழட்டும், மற்றதில் செட் விளக்கு. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்து, முதலில் விளக்கைக் குறைத்து வெளிச்ச அளவைச் சமன் செய்யுங்கள், அப்புறம் விளக்குக்கு முன்னால் ஒளி ஊடுருவும் நிறத்தாள் போட்டு நிறத்தைச் சரிப்படுத்துங்கள். செட் விளக்கு பெரும்பாலும் நீங்கள் நினைப்பதைவிட மிக மங்கலாக இருக்க வேண்டும். சினிமாத் திரையின் தர வெளிச்சமே 48 நிட்தான் (நிட் என்பது திரைப் பிரகாசத்தின் அலகு), கைப்பேசித் திரை அதைவிடப் பல மடங்கு பிரகாசம்.

தரையும் திரையும் சந்திக்கும் கோடுதான் ஆகக் கஷ்டமான இடம். அங்கே மணலைச் சின்ன மேடாகக் குவித்தோம். பிள்ளைகள் செய்த அதே பாறைகளைப் படமெடுத்து, திரைப் படத்தின் முன்வரிசையில் வைத்தோம். நிஜப் பாறைக்குப் பின்னால் அதன் தம்பி போலப் படப் பாறை நின்றது.

இன்னொன்று. திரையில் திமிங்கிலம் மேலே கடக்கும்போது செட் விளக்கும் அதே கணத்தில் மங்கியது. நிழல் திரையை விட்டு வெளியே வந்து பார்க்கிறவர் தோளில் விழுந்தது. சனம் மூச்சைப் பிடித்தது அங்கேதான்.

சாம்பல்தீவு அண்ணர்: கோணேசர் கோயில் பாறையில் இருக்கும் இராவணன் வெட்டு என்ற பிளவை ஒரு காட்சியாகச் செய்ய ஆசை, அதில் இராவணனும் வர வேணும். பத்துத் தலையும் பேச வேணும். முடியுமா?

முடியும் அண்ணா. கலிபோர்னியா டிஸ்னிலாண்டில் 1969இல் திறந்த பேய் மாளிகையில் அசையாத தலை ஒன்றின் மேல் பேசும் முகத்தைப் படமாக வீசினார்கள். தலை அசையக் கூடாது. படம் எடுக்கும்போது நடிகரின் தலையும் அசையக் கூடாது. மூக்கு, கண் குழி இரண்டும் நடிகர் முகத்தோடு பொருந்த வேண்டும். பத்தும் பேச வேண்டாம், நடுவில் இரண்டு பேசட்டும். மற்றவற்றுக்கு விளக்கு மின்னினால் போதும்.

ஓரத்தில் இருப்பவருக்குப் படம் கோணலாகத் தெரியாதா?

தெரியும். தட்டைத் திரையில் ஒரே ஒரு இடத்திலிருந்துதான் கோணம் முழுக்கச் சரியாக இருக்கும். நடு இருக்கையின் கண் உயரத்துக்குத் தொடுவானத்தை வையுங்கள், நேர்கோட்டுக் கட்டடங்களைத் திரையில் தவிருங்கள். கடலும் காடும் மன்னிக்கும், தூண் வரிசை மன்னிக்காது.

மூதூரிலிருந்து ஒரு தாய்: பிள்ளைகளை உள்ளே அனுப்பப் பயமாக இருந்தது. நெருப்புப் பிடித்தால்?

பயம் நியாயம் அம்மா. 1984 மே 11 அன்று அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், பூங்கா ஒன்றின் பேய்க்கோட்டைக்குள் தீப்பிடித்து 8 இளையோர் இறந்தார்கள். உள்ளே எரியக்கூடிய நுரைப்பொருள் நிறைய இருந்தது. ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப்பலகையும் அப்படித்தான், தீப்பிடித்தால் கரும்புகை. அதனால் எங்கள் பாறைகள் கம்பிவலையில் சீமெந்துச் சாந்து பூசியவை. வெளியேறும் வழி விளக்குகளை ஒருபோதும் மறைக்கவில்லை, காட்சி கெட்டாலும் பரவாயில்லை என்று விட்டோம். ஒரு பொத்தானில் எல்லா விளக்கும் எரியும், வாசலில் ஒரு பெரியவர் எந்நேரமும் நின்றார். இந்த நாலும் இல்லாத அறைக்குள் பிள்ளையை அனுப்ப வேண்டாம்.

கடற்கரை மண்டபத்தில் புரொஜெக்டர் தாங்குமா?

உப்புக்காற்றும் தூசும் வடிகட்டியை அடைக்கும், இரண்டு நாளுக்கு ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். மாரியில் துணித்திரை ஈரத்தில் தொய்யும், காலையில் இழுத்துக் கட்டுங்கள். படத்தைச் செட்டோடு பொருத்த முன் அரை மணித்தியாலம் புரொஜெக்டரை ஓட விடுங்கள். சூடேறும்போது படம் மெல்ல நகரும், பாறையின் ஓரத்தில் அந்த நகர்வு உடனே தெரியும்.