பழைய வீட்டை வாங்கிப் புதுப்பித்து விற்கலாமா?

கேள்வி: வயது 43. திருச்சியில் தனியார் நிறுவன வேலை. கையில் 35 லட்சம் சேமிப்பு இருக்கிறது. பழைய வீடுகளை வாங்கி, புதுப்பித்து, சீக்கிரமே விற்றுவிடும் அமெரிக்க வீடியோக்களைப் பார்த்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. உறையூரில் 35 வருடப் பழைய வீடு ஒன்று 45 லட்சத்துக்கு வருகிறது. வீட்டின் உரிமையாளரான அப்பா காலமாகிவிட்டதால் அவருடைய மூன்று மகன்களும் சிங்கப்பூரில் குடியிருக்கும் மகளும் சேர்ந்து விற்கிறார்கள். 8 லட்சம் செலவழித்தால் ஆறே மாதத்தில் 65க்குப் போகும் என்கிறார் தரகர். என் மனைவி வேண்டாம் என்கிறார். இறங்கலாமா? – பெயர் வேண்டாம், திருச்சி.

பதில்: 45க்கு வாங்கி, 8 போட்டு, 65க்கு விற்றால் 12 லட்சம் நிற்கும் என்று தரகர் சொல்லியிருப்பார். அந்தக் கணக்கில் பத்திரப்பதிவு இல்லை, வட்டி இல்லை, வருமான வரி இல்லை. அவருடைய கமிஷன்கூட இல்லை!

நாம் போட்டுப் பார்ப்போம். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம். 45 லட்சத்துக்கு 4.05 லட்சம். தரகு ஒரு சதவீதம் என்றால் 45 ஆயிரம். வேலைக்கு 8 லட்சம். ஆக மொத்தம் 57.5 லட்சம். உங்கள் 35 போக 22.5 லட்சம் கடன். 9 சதவீத வட்டியில் வருடத்துக்கு இரண்டு லட்சம். ஆறு மாதத்தில் விற்பதை மறந்துவிடுங்கள்; வேலை முடிந்து, ஆள் வந்து பார்த்து, அவருக்கு வங்கிக் கடன் கிடைத்துப் பத்திரம் பதிய ஒரு வருடம் ஆகும் என்றே வையுங்கள்.

65க்கே விற்றாலும், விற்கும்போது தரும் கமிஷன் போக, கையில் நிற்பது ஐந்து லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. 24 மாதத்துக்குள் விற்றால் அந்த லாபம் உங்கள் வருமானத்தோடு சேரும். 30 சதவீத அடுக்கில் இருந்தால் ஒன்றரை லட்சம் போய்விடும். மிச்சம் மூன்றரைக்கும் குறைவு. உங்கள் 35 லட்சத்தை 7 சதவீதத்தில் வங்கியில் போட்டுவிட்டுத் தூங்கினாலும், வரிக்கு முன் இரண்டரை லட்சம் வரும். வாங்க வருபவர் 61தான் தருவேன் என்றால், ஒரு வருட அலைச்சலுக்கு வரிக்கு முன்பே ஒரு லட்சம்கூடத் தேறாது.

65 கிடைக்குமா என்பதே எனக்குச் சந்தேகம். நம் ஊரில் விலை ஏறுவது மனைக்குத்தான்; கட்டடத்தின் மதிப்பு வருடா வருடம் இறங்கும். 35 வருட வீட்டைப் பார்க்க வருபவர்களில் பாதிப் பேர், ‘இடிச்சுட்டுக் கட்டிக்கலாம்’ என்ற நினைப்பில்தான் வருவார்கள். அவர்களுக்கு நீங்கள் போட்ட மாடுலர் கிச்சனும் டைல்ஸும் இடிக்கிற செலவுதான். மனையின் விலை என்ன என்று தனியாக விசாரியுங்கள். அதுவே 45க்குப் பக்கத்தில் இருந்தால் மேலே பேசலாம்.

அடுத்து பத்திரம். நான் பார்த்தவரை இந்த ஊரில் பழைய வீட்டில் காசு பார்ப்பவர்கள், யாரும் தொடத் தயங்குகிற பத்திரச் சிக்கலைப் பொறுமையாகச் சரிசெய்யத் தெரிந்தவர்கள்தான். பெயின்ட் அடிக்க யாராலும் முடியும். வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறை இணையதளத்தில் 30 வருடத்துக்குப் போட்டுப் பாருங்கள். தாய்ப் பத்திரம் அசலாக இருக்க வேண்டும். மாடியில் ஏதாவது அறை எடுத்திருந்தால் அதற்கு பிளான் அப்ரூவல் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் உங்களிடம் வாங்குபவரின் வங்கி அதை மதிப்பில் சேர்க்காது.

உங்கள் விஷயத்தில் இன்னும் முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. இந்துக் குடும்பமாக இருந்து, வீடு அப்பாவின் சுயசம்பாத்தியமாக இருந்து, அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், மனைவி, பிள்ளைகளோடு அவருடைய தாயாருக்கும் சம பங்கு உண்டு. அவர் இறந்த அன்று அந்தப் பாட்டி உயிரோடு இருந்தாரா? இருந்து, பிறகு உயில் இல்லாமல் காலமாகியிருந்தால் அவர் பங்கு அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும், அதாவது இவர்களுடைய சித்தப்பா, அத்தைகளுக்கும் போகும். நால்வர் கையெழுத்து போதும் என்று வாங்கிவிட்டு, அப்புறம் அத்தை மகன் வழக்கறிஞர் நோட்டீஸோடு வந்து நின்றால் விற்கவும் முடியாது, வைத்திருக்கவும் நிம்மதி இருக்காது.

சிங்கப்பூரில் இருக்கும் மகள் நேரில் வந்து கையெழுத்திட்டால் நல்லது. தன் சார்பில் கையெழுத்திட வேறொருவருக்குப் பவர் பத்திரம் கொடுத்தால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் (ஹை கமிஷன்) சான்று பெற்று, அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே அதற்கு முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். வருமான வரிச் சட்டப்படி அவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால், அவர் பங்குக்கான பணத்தில் நீங்கள்தான் வரி பிடித்துக் கட்ட வேண்டும். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால்தான் பிடிக்க வேண்டும், அதுவும் ஒரு சதவீதம்தான் என்பது உள்ளூர்க்காரர்களிடம் வாங்கும்போது மட்டும். அவர் விஷயத்தில் விகிதம் 12.5 சதவீதம், அதற்கு மேல் செஸ் (வரி மீதான கூடுதல் வரி). பிடிக்காமல் விட்டால் துறை உங்களைத்தான் கேட்கும். இதை எந்தத் தரகரும் சொல்ல மாட்டார்.

வீட்டை ஐப்பசி மழையில் ஒருமுறை பாருங்கள். சுவரின் அடியில் ஓதம் ஏறியிருந்தால் புட்டி வைத்துப் பெயின்ட் அடிப்பதால் பயனில்லை, அடுத்த மழைக்கே உரிந்துவிடும். சீலிங்கில் கான்கிரீட் உதிர்ந்து கம்பி துருப்பிடித்துத் தெரிந்தால் உங்கள் 8 லட்சம் 15 ஆகும்.

என் யோசனை: இந்த விலைக்கு இறங்காதீர்கள். உங்கள் மனைவி சொல்வதில் நியாயம் இருக்கிறது. 40க்கு இறங்கி வந்து, வாரிசு விவகாரமும் தெளிவானால், அளவாக மராமத்து செய்து இரண்டு வருடம் வாடகைக்கு விடுங்கள். 24 மாதம் கடந்து விற்றால் வரி 12.5 சதவீதம்தான், செஸ் தனி. இதையே தொழிலாகத் தொடர்ந்து செய்தால் தொழில் வருமானமாகக் கணக்கிடுவார்கள், அந்தச் சலுகை கிடைக்காது. ஆடிட்டரிடம் முதலிலேயே பேசுங்கள். வேலையை விட வேண்டாம்.

அட்வான்ஸ் கேட்டால் வங்கி மூலமாக மட்டும் கொடுங்கள். வீடு, மனை விற்பவர் 20 ஆயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது, வாங்கினால் அதே அளவு அபராதம் என்று நால்வரிடமும் சொல்லிவிடுங்கள். பத்திரத்தில் குறை கண்டால் முழு அட்வான்ஸும் திரும்ப வர வேண்டும் என்ற வரியை ஒப்பந்தத்தில் எழுத வைத்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.