மனைவி பிறந்தது மஸ்கட்டில்: கிரீன் கார்டு வரிசையில் அது என்ன மாற்றம் செய்யும்?

கேள்வி: மும்பை முலுண்டில் வசிக்கிறேன். 2018 அக்டோபரில் என் நிறுவனம் ஹெச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் என்னை டல்லாஸுக்கு அனுப்பியது. 2021 மார்ச்சில் எனக்காக, கிரீன் கார்டின் முதல் படியான பெர்ம் எனப்படும் தொழிலாளர் துறைச் சான்றுக்கு விண்ணப்பம் தாக்கல் செய்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் உயர்கல்வி பெற்றவர்களுக்கான இ.பி.-2 பிரிவில், அடுத்த படியான ஐ-140 என்ற நிறுவனத்தின் மனு ஏற்கப்பட்டது. அப்பாவின் உடல்நிலை காரணமாக 2024 ஜூனில் குடும்பத்தோடு திரும்பிவிட்டேன். சில மாதங்களில் வேலையையும் விட்டேன். ஐ-140 மனுவைத் திரும்பப் பெற்றுவிட்டதாகச் சொல்லும் பழைய நிறுவனம், கிரீன் கார்டுக்குச் செய்த செலவு என்று ஏழரை லட்சம் ரூபாய் கேட்டு நோட்டீஸும் அனுப்பியிருக்கிறது. வேறொரு அமெரிக்க நிறுவனம் என்னை எடுக்க விரும்பினாலும் ஹெச்-1பிக்கு ஒரு லட்சம் டாலர் கட்ட முடியாது என்கிறது. என் ஹெச்-1பி விசாவும் காலாவதியாகிவிட்டது. நானும் ஒன்பது வயது மகளும் மும்பையில் பிறந்தவர்கள், மனைவி ஓமன் தலைநகர் மஸ்கட்டில் பிறந்தவர். மூவரும் இந்தியக் குடிமக்கள். எனக்கு இனி வழி உண்டா?

பதில்: உண்டு. உங்கள் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு செய்திதான் அந்த வழியைத் திறக்கிறது. அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் வேலைவழி கிரீன் கார்டுகளை ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000 என்று வரையறுத்து, எந்த ஒரு நாட்டுக்கும் ஏழு சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று உச்சவரம்பும் வைத்திருக்கிறது. இதில் நாடு என்பது நீங்கள் பிறந்த நாடு. பாஸ்போர்ட் எந்த நாட்டினுடையது என்பது கணக்கில் வராது. கணவர், மனைவி இருவரும் வெவ்வேறு நாடுகளில் பிறந்திருந்தால், வரிசை குறைவாக உள்ள நாட்டின் கணக்கில் இருவரையும் சேர்த்துக்கொள்ளவும் அதே சட்டம் இடம் தருகிறது. பிள்ளை பிறந்த நாட்டைப் பெற்றோர் இப்படிப் பயன்படுத்த முடியாது; வாழ்க்கைத்துணை பிறந்த நாட்டைப் பயன்படுத்தலாம். உங்கள் மனைவி மஸ்கட்டில் பிறந்திருப்பதால், நீங்கள் ஓமன் நாட்டின் கணக்கில் வரிசையில் நிற்க உரிமை உள்ளவர்.

இதனால் வரும் வேறுபாட்டை அமெரிக்க வெளியுறவுத் துறை மாதந்தோறும் வெளியிடும் விசா புல்லட்டினில் பார்க்கலாம். 2025 அக்டோபர் புல்லட்டினில் இ.பி.-2 பிரிவின் இறுதித் தேதி, அதாவது அதற்கு முன் வரிசையில் சேர்ந்தவர்களுக்கே கிரீன் கார்டு என்ற தேதி, இந்தியாவுக்கு 2013 ஏப்ரல் 1. தனி வரிசை இல்லாத, ஓமன் உள்ளிட்ட மற்ற நாடுகளுக்கு 2023 டிசம்பர் 1. வரிசையில் உங்கள் இடத்தைத் தீர்மானிக்கும் முன்னுரிமைத் தேதி, அதாவது பெர்ம் தாக்கலான நாள், 2021 மார்ச்சில் வருகிறது. இந்தியக் கணக்கில் அப்போது உங்களுக்கு முன்னால் எட்டு ஆண்டு வரிசை நின்றது. ஓமன் கணக்கில் அந்தப் புல்லட்டின்படி உங்கள் முறை வந்தேவிட்டது. இந்தத் தேதிகள் மாதாமாதம் மாறக்கூடியவை, சில சமயம் பின்னோக்கியும் போகும். ஆகவே விண்ணப்பிக்கும் மாதத்தின் புல்லட்டினைப் பார்த்தே எதையும் முடிவு செய்ய வேண்டும்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை. 2021 டிசம்பரில் உங்கள் ஐ-140 ஏற்கப்பட்டபோது மற்ற நாடுகளுக்கு இ.பி.-2 பிரிவில் வரிசையே இல்லை. டல்லாஸில் இருந்தபடியே அப்போதே ஐ-485, அதாவது அமெரிக்காவுக்குள் இருந்தே கிரீன் கார்டு கோரும் விண்ணப்பம், போட்டிருக்கலாம். உங்கள் மனைவி எங்கே பிறந்தவர் என்று யாரும் கேட்கவில்லை என்றே தோன்றுகிறது. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இலங்கையிலும் பிறந்து நம் வீடுகளுக்கு மருமகள்களாகவும் மருமகன்களாகவும் வந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கும்போது, இந்தக் கேள்வி கேட்கப்படாமலே போவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

அடுத்து, நிறுவனம் திரும்பப் பெற்ற ஐ-140. மனு ஏற்கப்பட்டு 180 நாள் கடந்தபின் நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றாலும், 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, அந்த ஏற்பு அதனாலேயே ரத்தாவதில்லை. மோசடி, உண்மை மறைப்பு, மனுவை ஏற்றதிலேயே அடிப்படைப் பிழை போன்ற காரணங்களுக்காக ரத்து செய்யப்பட்டால் ஒழிய, முன்னுரிமைத் தேதி உங்களுடையதாகவே இருக்கும். ஆனால் அந்தப் பழைய மனுவை மட்டும் வைத்துக்கொண்டு கிரீன் கார்டு பெற முடியாது. அந்த வேலை இப்போது இல்லை. புதிய நிறுவனம் புதிய பெர்ம், புதிய ஐ-140 இரண்டையும் செய்து, அதில் பழைய தேதியைக் கோர வேண்டும்.

புதிய நிறுவனமும் நீங்களும் இதற்கு முதலில் ஹெச்-1பி தேவை என்று எண்ணுகிறீர்கள். தேவையில்லை. கிரீன் கார்டு என்பது எதிர்காலத்தில் பார்க்கப்போகும் வேலைக்கானது. மனு நடக்கும் காலத்தில் நீங்கள் அமெரிக்காவில் இருக்க வேண்டும் என்றோ, அந்த நிறுவனத்தில் பணிபுரிய வேண்டும் என்றோ சட்டம் சொல்லவில்லை. 2025 செப்டம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஒரு லட்சம் டாலர் கட்டணம், செல்லுபடியாகும் ஹெச்-1பி விசா இல்லாமல் வெளிநாட்டில் இருப்பவர்களுக்காகப் போடப்படும் புதிய ஹெச்-1பி மனுக்களுக்கானது. பெர்மையும் ஐ-140ஐயும் அது தொடுவதில்லை. நீங்கள் மும்பையிலேயே இருந்து, பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் குடியேற்ற விசாவுக்கான நேர்காணலுக்குப் போகலாம். காலம் பிடிக்கும். சம்பள நிர்ணயம், ஆள்தேர்வு விளம்பரம், பெர்ம் பரிசீலனை என்று சேர்த்தால் இரண்டு ஆண்டுகள் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு காலம் பொறுத்திருந்து அந்த வேலையை உங்களுக்காக வைத்திருக்க நிறுவனம் உண்மையிலேயே சம்மதிக்கிறதா என்பதை எழுத்துமூலம் கேட்டுப் பெறுங்கள். இந்த வழியில் பலவீனமான இடம் அதுதான். மகளுக்கு 21 வயது தாண்டி, உங்களோடு சேர்ந்து விசா பெற முடியாமல் போகும் சிக்கல் உங்களுக்கு இல்லை.

துணை பிறந்த நாட்டின் கணக்கில் விசா பெறுகிறவர் அந்தத் துணையோடு சேர்ந்தே அமெரிக்காவுக்குள் நுழைய வேண்டும். நம் வீடுகளில் கணவர் முதலில் போய் வீடு பார்த்து, பள்ளிக்கூடம் பார்த்து, ஆறு மாதம் கழித்துக் குடும்பத்தை அழைத்துக்கொள்வது வழக்கம். நீங்கள் அப்படிச் செய்யக்கூடாது. இருவரும் ஒரே விமானத்தில் போங்கள்.

ஏழரை லட்சம் ரூபாய் நோட்டீஸைக் கண்டு அஞ்ச வேண்டாம். அதற்காக அலட்சியமாகவும் இருந்துவிட வேண்டாம். பெர்முக்கான வழக்கறிஞர் கட்டணம், விளம்பரச் செலவு உள்ளிட்டவற்றைத் தொழிலாளியிடமிருந்து வசூலிக்க 2007 முதல் அமெரிக்கத் தொழிலாளர் துறையின் விதி தடை செய்கிறது. பின்னால் திருப்பிக் கேட்பதும் அந்தத் தடைக்குள் வரும். ஐ-140 செலவுக்கு இந்தத் தடை பொருந்தாது. ஆகவே முதல் பதிலில் எந்தச் செலவு எதற்கு என்று தேதிவாரியான கணக்கும் ரசீதுகளும் கேளுங்கள். நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இந்தியாவில் ஆனதென்றால், அமெரிக்க விதி இங்கே செல்லாது என்று அவர்கள் வாதிடலாம். பணி ஒப்பந்தப் பாண்டுகள் எல்லாமே செல்லாதவை என்று சிலர் சொல்வதையும் நம்பாதீர்கள். மூன்று ஆண்டு முடியுமுன் பணி விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற நிபந்தனையை 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. ஆனாலும் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவின்படி, ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்சவரம்புதான். நியாயமான இழப்பீட்டை மட்டுமே நீதிமன்றம் தரும். தான் ஏற்க வேண்டிய செலவு என்று ஒரு நாட்டின் சட்டம் சொல்லியிருப்பதை இன்னொரு நாட்டில் தன் இழப்பு என்று காட்ட நிறுவனம் சிரமப்படும். நோட்டீஸில் குறித்த கெடுவுக்குள் இங்குள்ள வழக்கறிஞர் வழியாகப் பதில் அனுப்புங்கள். அமெரிக்க மனுவை நடத்த அமெரிக்காவில் உரிமம் பெற்ற வழக்கறிஞர் தேவை.

இனி ஆவணங்கள். ஐ-140 ஏற்பு அறிவிப்பின் நகல், அதாவது ஐ-797, உங்களிடம் இல்லையென்றால் அமெரிக்கத் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் குடியேற்றத் துறையிடமே கோரலாம். அதைவிட முக்கியமானது உங்கள் மனைவியின் மஸ்கட் பிறப்புச் சான்றிதழ். அது அரபியில் இருந்தால் சான்றுரையோடு கூடிய ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். அதில் அவர் பெயருக்குப் பின் தந்தை பெயரும் பாட்டனார் பெயரும் இருக்கலாம், பழைய பாஸ்போர்ட்டில் தந்தையின் முதலெழுத்து மட்டும் விரிவாக்கப்பட்டிருக்கலாம், இப்போதைய பாஸ்போர்ட்டில் உங்கள் பெயர் சேர்ந்திருக்கலாம். மூன்றும் ஒரே பெண்தான் என்று இடையிலுள்ள ஒவ்வொரு கண்ணியையும் காகிதத்தால் காட்ட வேண்டும். திருமணச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், பெற்றோர் கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம் ஆகியவை இதற்கு உதவும். பதினாறு வயதுக்கு முன்பே அவர் இந்தியா வந்துவிட்டிருந்தால் ஓமன் காவல்துறைச் சான்று கேட்க மாட்டார்கள். பிறந்த இடம் மஸ்கட் என்று எழுதிய அவருடைய முதல் பாஸ்போர்ட், மூலை வெட்டி ரத்து செய்யப்பட்டிருந்தாலும், இப்போது மிகப் பெரிய சான்று. அப்படி ஒன்று உங்கள் மாமியார் வீட்டுப் பீரோவில் இருக்கிறதா என்று இந்த வாரமே கேட்டுப் பாருங்கள்.