ஒரே சொல், எதிரெதிர்ப் பொருள்

'யோசனையை டேபிள் செய்துவிட்டோம்' என்று மேலாளர் எழுதியிருக்கிறார், அது விவாதத்துக்கு வந்துவிட்டதா கிடப்பில் போடப்பட்டதா, இப்படி இருபுறமும் பொருள் தரும் சொற்களை எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மேலாளர் எந்த நாட்டு ஆங்கிலம் பேசுகிறவர் என்று பாருங்கள். பிரிட்டிஷ்காரர் என்றால் விவாதத்துக்கு வந்துவிட்டது; அமெரிக்கர் என்றால் கிடப்பில் போய்விட்டது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் ராணுவத் தலைமை ஓர் அறிக்கையை அவசரமாக 'டேபிள்' செய்ய விரும்ப, அமெரிக்கத் தரப்பு மறுக்க, காரசாரமான வாதம் நீண்டது. கடைசியில் பார்த்தால் இரு தரப்பும் விரும்பியது ஒன்றுதான். இதை எழுதிவைத்திருப்பவர் சர்ச்சில். தாய்மொழிக்காரர்களுக்கே அந்தக் கதி!

பட்டியல்களில் தவறாமல் வரும் 'கிளீவ்' (பிளப்பதும் அதுதான், ஒட்டிக்கொள்வதும் அதுதான்) போன்றவற்றை மனப்பாடம் செய்து நேரத்தை வீணாக்காதீர்கள். இத்தனை ஆண்டு வேலையில் அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

'ஓவர்சைட்' அடிக்கடி வரும். முன்னால் 'an' ஒட்டியிருந்தால் பெரும்பாலும் கவனப்பிசகு, இல்லாவிட்டால் மேற்பார்வை. 'சாங்ஷன்' என்றதும் கடன் ஒப்புதல்தான் நமக்கு நினைவு வரும். வினைச்சொல்லாக வந்தால் பெரும்பாலும் அப்படித்தான். செய்திகளில் பன்மையில் வந்தால் தடை.

எல்லாவற்றையும்விட என்னை எரிச்சலூட்டுவது 'கொய்ட்'. உங்கள் அறிக்கை 'கொய்ட் குட்' என்று அமெரிக்கர் எழுதினால் மனதாரப் பாராட்டுகிறார். பிரிட்டிஷ்காரர் எழுதினால் பெரும்பாலும் 'பரவாயில்லை' என்ற அளவுதான். மகிழ்ந்துபோய் அப்படியே விட்டுவிடாமல், எதைத் திருத்தலாம் என்று கேளுங்கள். ஆனால் அவரே 'கொய்ட் ரைட்' என்றால் முழுக்கச் சரி என்று பொருள்.

'பைவீக்லி' என்பதற்கு வாரம் இருமுறை, இரு வாரத்துக்கு ஒருமுறை என்று அகராதியே இரண்டையும் தருகிறது. சம்பளம் என்றால் இரண்டாவது. கூட்டம் என்றால் தேதியைக் கேட்டுவிடுங்கள். நீங்கள் எழுதும்போது இந்தச் சொல்லைத் தொடவே வேண்டாம்.

மேலாளரிடம் 'டேபிள் என்றால் என்ன' என்று கேட்கத் தயக்கமாக இருக்கும். 'இதை எந்தக் கூட்டத்தில் பேசப் போகிறோம்?' என்று ஒரு வரி அனுப்புங்கள். பதிலில் தேதி வரும், அல்லது 'இப்போதைக்கு இல்லை' என்று வரும்.