வாசகர் கேள்வி – பதில்: பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தை

சென்ற இதழில் பிறவிச் செவித்திறன் குறைபாடு பற்றி வெளியான சிறு குறிப்பைப் படித்துவிட்டுக் குமரி மாவட்ட வாசகர்கள் எழுதிய கடிதங்களில் நான்குக்கு இம்முறை பதில் தருகிறேன்.

கேள்வி: என் மகனுக்கு ஒன்றரை வயது. பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை. ஆனால் பின்னால் பாத்திரம் விழுந்தால் திரும்பிப் பார்க்கிறான். "அவன் அப்பனும் மூணு வயசுலதான் பேசினான்" என்கிறார் மாமியார். காது கேளாது என்று உறுதியானால் அறுவை சிகிச்சைதான் வழியா? சைகை பழக்கினால் பேச்சே வராது என்று சிலர் பயமுறுத்துகிறார்கள்.
— ஒரு தாய், குளச்சல்

பாத்திரச் சோதனையை நம்பாதீர்கள், அம்மா. சிமெண்ட் தரையில் எவர்சில்வர் மூடி விழும்போது எழும் அதிர்வு குழந்தையின் உள்ளங்காலுக்குத் தெரியும். மூடியைப் போடுகிறவரின் நிழல் அசையும். எதிரே இருக்கும் உங்கள் கண் அந்தப் பக்கம் போவதையும் அவன் பார்த்துவிடுவான். காது கேளாத குழந்தைகள் கண்ணால் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்கிறவர்கள் என்பதாலேயே பல வீடுகளில் குறை தெரியவர இரண்டு வயது தாண்டிவிடுகிறது. பேரோசை கேட்டு, பேச்சொலி மட்டும் கேளாத குழந்தைகளும் உண்டு.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்கு இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள். காதில் சிறு கருவியை வைத்துச் சில நிமிடங்களில் முடிக்கும் ஓஏஇ என்பது முதற்கட்டச் சோதனை. குழந்தை தூங்கும்போது தலையில் மின்முனைகளை ஒட்டி, ஒலிக்கு மூளைத்தண்டு தரும் மறுமொழியைப் பதிவு செய்யும் பெரா சோதனைதான் குறையின் அளவைக் காட்டும். பேருந்தில் போகும் வழியிலேயே அவன் தூங்கி எழுந்துவிட்டால் அங்கே தூங்க மாட்டான். ஆகவே பயணத்தின்போது விழித்திருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பிறந்த 1 மாதத்துக்குள் முதற்சோதனை, 3 மாதத்துக்குள் உறுதிப்பாடு, 6 மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பதே உலகெங்கும் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. உங்களுக்கு ஓர் ஆண்டு ஏற்கெனவே போய்விட்டது என்பதால்தான் மாமியாரின் ஆறுதலை ஏற்க வேண்டாம் என்கிறேன்.

அறுவை சிகிச்சை எல்லோருக்கும் அல்ல. முதலில் செவித்துணைக் கருவியைப் பொருத்தி, அதனால் எவ்வளவு பயன் என்று சில மாதங்கள் பார்ப்பார்கள். கடுமையான குறையும் கருவியால் போதிய பயனின்மையும் உறுதியானால் உட்காதில் அறுவை சிகிச்சையால் வைக்கும் காக்ளியர் கருவியைப் பொருத்தலாமா என்று பரிசீலிப்பார்கள். 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இதற்கு இடமுண்டு. ஆனால் சிகிச்சை முடிந்த மறுநாளே குழந்தை "அம்மா" என்று அழைத்துவிடும் என்று எண்ணி ஏமாந்த பெற்றோரை நான் அறிவேன். வெளிக்கருவியை இயக்குவதே சில வாரங்கள் கழித்துத்தான். அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் பேச்சுப் பயிற்சி தேவை. உங்கள் ஊரின் உப்புக் காற்றையும் வியர்வையையும் கருவி தாங்காது. இரவில் அதைச் சிலிக்கா ஜெல் போட்ட சிறு டப்பாவில் மூடி வையுங்கள்.

சைகை பழகினால் பேச்சு வராது என்பது ஆதாரமற்ற பயம். பேச்சு வருவதற்குச் சைகை தடையாக இருப்பதில்லை. முதல் நான்கைந்து ஆண்டுகளில் எந்த மொழியும் முழுமையாகக் கிடைக்காமல் போவதே பிற்பாடு எழுத்தையும் எண்ணையும் சிந்தனையையும் பாதிக்கிறது. கருவிக்கும் சிகிச்சைக்கும் காத்திருக்கும் நாள்களில் பால், சோறு, கடல், வலி, அப்பா, போதும் என்பவற்றுக்காவது அவனிடம் சைகை இருக்கட்டும். காது கேளாத குழந்தைகளில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் கேட்கும் பெற்றோருக்குத்தான் பிறக்கிறார்கள். மொழியை அவனோடு சேர்ந்து நீங்களும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும், மாமியாரும்தான்.

கேள்வி: காது கேளாத என் தம்பி பிளஸ் டூ முடித்துவிட்டு ஓராண்டாக வீட்டில் இருக்கிறான். ரப்பர் வெட்டப் போகட்டும் என்கிறார்கள். மேலே படிக்க முடியுமா?
— ஒரு வாசகர், மார்த்தாண்டம்

ரப்பர் வெட்டுவதில் இழிவு எதுவும் இல்லை. வேறு வழியே இல்லை என்று நினைத்து அதற்குப் போவதுதான் வருத்தத்துக்குரியது. சென்னையில் மாநிலக் கல்லூரியிலும் அடையாறு புனித லூயிஸ் கல்லூரியிலும் காது கேளாதோருக்கான பட்டப் படிப்புகள் உள்ளன. ஆனால் மார்த்தாண்டத்துக்காரர்கள் ஏன் எப்போதும் சென்னையையே நினைக்கிறார்கள் என்பது எனக்குப் புரிவதில்லை. திருவனந்தபுரம் ஆக்குளத்தில் 1997இல் தொடங்கப்பட்ட 'நிஷ்' என்னும் தேசியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் உங்கள் ஊரிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பிவிடும் தொலைவில்தான் இருக்கிறது. கணினி அறிவியல், வணிகவியல், நுண்கலை ஆகியவற்றில் காது கேளாத மாணவர்களுக்கென்றே பட்டப் படிப்புகளை அது நடத்துகிறது. மலையாளம் தெரியாதே என்று தயங்க வேண்டியதில்லை; இந்தியச் சைகை மொழியில் வட்டார வேறுபாடுகள் இருந்தாலும், குமரி இளைஞரும் கொல்லத்து இளைஞரும் ஒரே வாரத்தில் சரளமாகப் பேசிக்கொள்வார்கள்.

தடையாக வரக்கூடியது ஆங்கிலம். நம் பள்ளித் தேர்வுகளில் காது கேளாத மாணவர்கள் ஒரு மொழிப் பாடத்தை எழுதாமல் விட்டுவிடச் சலுகை உண்டு. பலர் விடுவது ஆங்கிலத்தை. நல்லெண்ணத்தில் தரப்பட்ட அந்தச் சலுகை, கல்லூரி வாசலில் வந்து வழிமறிக்கிறது. தம்பியும் அப்படி விட்டவர் என்றால், இந்த ஓராண்டு இடைவெளியை ஆங்கிலம் படிக்கப் பயன்படுத்துங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை இல்லையென்றால் உடனே விண்ணப்பியுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுப் பணிகளில் ஒதுக்கும் 4 விழுக்காட்டில் 1 விழுக்காடு காது கேளாதோருக்கும் செவித்திறன் குறைந்தோருக்கும் உரியது. 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு சான்றளிக்கப்பட்டிருந்தால்தான் அதைக் கோர முடியும்.

கேள்வி: முற்றிலும் காது கேளாதவர் இருசக்கர வாகன உரிமம் பெற முடியுமா?
— ஒரு வாசகர், தக்கலை

முடியும். 2011இல் தில்லி உயர் நீதிமன்றம் வழிகாட்டியது. 2016இல் மத்தியப் போக்குவரத்து அமைச்சகமும் மாநிலங்களுக்கு இதைத் தெளிவுபடுத்தியது. அலுவலகத்தில் மறுத்தால் மறுப்பை எழுத்தில் தரும்படி கேளுங்கள்.

கேள்வி: எங்கள் கடற்கரை ஊரில் காது கேளாதோர் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். ஆலய இளைஞர் குழுவின் சார்பில் அவர்களுக்கு ஏதேனும் செய்ய விரும்புகிறோம். அன்னதானமும் வேட்டி சேலையும் போதுமா?
— இளைஞர் குழுச் செயலர், கிள்ளியூர் வட்டம்

போதாது என்று நீங்களே உணர்ந்ததால்தான் கேட்கிறீர்கள். ஒக்கிப் புயல் 2017 நவம்பர் 30 அன்று வந்ததை உங்கள் ஊரில் யாரும் மறந்திருக்க முடியாது. கடற்கரையில் ஆபத்துச் செய்தி பரவுவது ஆலய மணியாலும் ஒலிபெருக்கியாலும் தெருவில் ஓடும் கூக்குரலாலும்தான். மின்சாரமும் போய்விட்ட இருட்டில் இவை எதுவும் அந்த ஏழெட்டுப் பேரைச் சென்று சேராது. எனவே முதல் வேலையாக, ஒவ்வொருவருக்கும் அண்டை வீட்டார் இருவரைப் பொறுப்பாக்குங்கள். கதவைத் தட்டிப் பயனில்லை, டார்ச் ஒளியைச் சன்னல் வழியே அடிக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள். அவர்களது கைப்பேசியை அதிர்வில் வைத்துத் தலையணைக்கு அடியில் வைக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது துணைக்குப் போவது. ஓர் அலுவலகத்தில் நான் காத்திருந்தபோது, முதல் ஆளாக வந்த காது கேளாதவர் ஒருவர், தம் பெயரை மூன்று முறை கூவி அழைத்ததை அறியாமல் நண்பகல் வரை பெஞ்சிலேயே இருந்தார். கடைசியில் ஒரு பெண்மணி அவர் கையிலிருந்த மனுவை எட்டிப் பார்த்துத்தான் விஷயம் தெரிந்தது. உங்கள் குழுவில் இருவர் சைகை மொழி கற்றுக்கொண்டு, திங்கட்கிழமைகளில் நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளுக்கு உடன் சென்றால் போதும், பத்து அன்னதானத்துக்குச் சமம். தில்லியிலுள்ள இந்தியச் சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் 10,000 சொற்கள் கொண்ட காணொளி அகராதியை வெளியிட்டிருக்கிறது. அதைப் பார்த்துத் தொடங்கலாம், ஆனால் பழகுவது அந்த ஏழெட்டுப் பேரிடம்தான் நடக்க வேண்டும்.

செப்டம்பர் 23, பன்னாட்டுச் சைகை மொழிகள் நாள். அன்று மேடை போட்டு அவர்களை ஓரத்தில் உட்கார வைத்துவிடாதீர்கள். நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். முகமும் கையும் தெரியும்படி வெளிச்சம் இருக்கட்டும். எல்லோரையும் கவனிக்கச் செய்ய விளக்கை இருமுறை அணைத்து ஏற்றினால் போதும். கேரம் போர்டு, கைப்பந்து, சதுரங்கம் எது வேண்டும் என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். இரண்டாவது சந்திப்பிலேயே உங்களுக்கு ஒரு பெயர்ச் சைகை வைத்துவிடுவார்கள். அது உங்கள் முன்வழுக்கையையோ புருவத் தழும்பையோ குறிப்பதாக இருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கு வைத்திருப்பது மூக்கிலிருந்து நழுவும் கண்ணாடியை.